குதிரைக் குளம்புக்கு ஃபோமலின் எவ்வளவு கலப்பது?

கேள்வி: நாங்கள் மல்லாவிப் பக்கம் வயலும் ஒரு சிறு பண்ணையும் செய்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணா போன வருடம் நுவரெலியாவில் ஒரு பெண்குதிரை வாங்கி இங்கே கொண்டுவந்து விட்டார். அவளைப் பார்ப்பது நானும் என் 12 வயது மகனும்தான். கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து இரண்டு பின்கால் குளம்பும் நாறுகிறது. அடியில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒன்று வருகிறது. பக்கத்து வளவில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர், மாட்டுக்கு ஃபோமலின் பாவித்தால் மாறும் என்றார். ஒரு கடையில் சோடாப் போத்தலில் ஊற்றித் தந்தார்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பிரஷால் பூசினோம். முதல் இரண்டு நாள் நாற்றம் நின்றது. அப்புறம் முன்னையைவிட மோசமாகிவிட்டது. குதிக்கு மேலே தோல் வெளிறி வெடித்திருக்கிறது. பூசும்போது மகனுக்குக் கண் எரிகிறது, இருமலும் வருகிறது. இப்போது காலைத் தூக்கவே விடுகிறாள் இல்லை. இன்னொருவர் பற்றரி அசிட் விடச் சொல்கிறார். ஃபோமலினை எவ்வளவு தண்ணீரில் கலப்பது சரி? பொங்கலுக்கு முதல் மாறுமா? பிள்ளைகளை ஏற்றலாமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

எவ்வளவு கலப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு துளியும் வேண்டாம். இதை வாசித்து முடித்ததும் அந்தப் போத்தலை எடுத்து, மூடியை இறுக்கி, வெளியே பெரிய எழுத்தில் "நஞ்சு – ஃபோமலின்" என்று எழுதி ஒட்டி, பூட்டுப் போடக்கூடிய இடத்தில் வையுங்கள். குளம்பைப் பற்றி அதன் பிறகு பார்ப்போம். சோடாப் போத்தலில் நஞ்சு இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளை தாகத்தோடு ஓடிவந்தால் என்ன நடக்கும் என்பதை வன்னியில் நான் விளக்கத் தேவையில்லை. களைகொல்லியும் பூச்சிமருந்தும் இப்படி ஊற்றி வைத்து எத்தனை வீடுகள் அழுதிருக்கின்றன. ஃபோமலின் பார்வைக்குத் தண்ணீர். அதில் ஃபோமல்டிகைட் ஏறத்தாழ 37 வீதம் இருக்கும், கெடாமல் இருப்பதற்காக மெதனோலும் சேர்த்திருப்பார்கள். ஒரு மிடறு போதும்.

மகனை இனி அந்த வேலையில் விடாதீர்கள். கண் எரிவதும் இருமுவதும் அந்த ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிப்பதன் அடையாளம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே ஃபோமல்டிகைட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. ஓரிரு தடவை முகர்ந்ததால் அந்த நோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் கொட்டிலில் குனிந்து, முகத்துக்குக் கிட்டே அதை வைத்து, ஒரு பிள்ளை கிழமைக் கணக்கில் மூச்செடுக்கிற பொருள் அது இல்லை. இருமல் நிற்கவில்லை, மூச்சு இழுக்கிறது, கண் சிவந்தே இருக்கிறது என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் என்ன பாவித்தீர்கள் என்று சொல்லிக் காட்டுங்கள். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போன வழியெல்லாம் திரும்பி வரும்போது இன்னொரு முறை எரிக்கும். 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடித்து, போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.

சரி, இனி உங்கள் பெண்ணின் குளம்புக்கு வருவோம்.

காலைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நடுவிலே முக்கோண வடிவில், றப்பர்த் தன்மையோடு ஒரு பகுதி இருக்கும். அதை இங்கே மெத்தை என்று வைத்துக்கொள்வோம். அதன் இரண்டு பக்கத்திலும் நீளமாக ஒவ்வொரு பள்ளம், நடுவிலும் ஒரு பள்ளம். சுகமான குளம்பில் அந்த நடுப்பள்ளம் ஒரு விரல் நுனி இருக்குமளவு அகலமாய், ஆழமில்லாமல் இருக்கும். நீங்கள் எழுதியபடி பார்த்தால் உங்கள் குதிரைக்கு வந்திருப்பது மெத்தை அழுகல். சேறும் சாணமும் மூத்திரமும் அந்தப் பள்ளங்களில் அடைந்து, காற்றுப் போகாமல், நாட்கணக்கில் ஈரமாகக் கிடந்தால் வருவது. காற்றில்லாத இடத்தில்தான் பெருகும் கிருமிகள் உண்டு. பியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்பது அவற்றில் முக்கியமானது. மாட்டின் குளம்பு அழுகலிலும் அதுதான் நிற்கும். பட்டிக்காரர் இரண்டு நோயையும் சேர்த்து நினைத்ததில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அவர் சொன்ன மருந்தின் அளவும் முறையும் இங்கே பொருந்தாது. பெரிய பால்மாட்டுப் பண்ணைகளில் ஃபோமலின் பாவிப்பது உண்மை. அங்கே 100 லீற்றர் தண்ணீரில் 3 முதல் 5 லீற்றர் ஃபோமலின் கலந்து, வெளிக்காற்றில் ஒரு தொட்டியில் விட்டு, மாட்டை அதற்குள்ளால் நடத்திக்கொண்டு போவார்கள். அதையும் புண் திறந்திருக்கிற காலோடு வரும் மாட்டுக்குச் செய்யக் கூடாது. நீங்கள் கலந்தது பாதிக்குப் பாதி. தொட்டித் தண்ணீரைவிடப் பத்து மடங்குக்குக் குறையாத கடுமை. அதையும் ஏற்கனவே அழுகி வெடித்த இடத்துக்குள் பிரஷால் விட்டிருக்கிறீர்கள்.

முதல் இரண்டு நாள் நாற்றம் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இந்த மருந்துகளில் ஆட்கள் நம்பிக்கை வைப்பதற்குக் காரணமே அந்த இரண்டு நாள்தான். குளம்பின் வெளிப்புறம் உயிரில்லாத கொம்புப் பொருள். நகம், மயிர் எல்லாவற்றிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் அது. ஃபோமலின் புரதத்தைப் பிடித்து இறுக்கி விறைக்க வைக்கும். ஆய்வுகூடத்தில் சதைத் துண்டுகளை அழுகாமல் வைப்பது அதனால்தான். உங்கள் குதிரையின் மெத்தைக்கும் அதுதான் நடந்தது. மேற்பரப்பில் இருந்த கிருமி செத்தது, மேற்பரப்பு காய்ந்து இறுகியது, நாற்றம் அடங்கியது. தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும், நல்லாகிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த இறுகிய தோட்டுக்குக் கீழே, வெடிப்பின் ஆழத்தில், கிருமி அப்படியே இருந்தது. வெளியே இருந்து காற்று வரும் வழியும் அடைபட்டது. அதற்கு வேண்டியதும் அதுதானே? மூன்றாம் நாள் மோசமானதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அதைவிடக் கவலையானது அடுத்தது. அந்தக் கொம்புப் பொருளுக்கு உள்ளே உயிருள்ள சதை இருக்கிறது. இரத்தமும் நரம்பும் ஓடுகிற படலம் அது. புதிய மெத்தையை வளர்த்துக் கொடுப்பதே அந்தப் படலம்தான். அழுகல் ஆழமாகிற இடத்தில் அது வெளியே தெரியத் தொடங்கும். கடுமையான மருந்து அங்கே பட்டால் கிருமியோடு சேர்த்து அந்த உயிர்ப் படலத்தையும் எரிக்கும். எரிந்த சதை செத்துப்போகும், செத்த சதை கிருமிக்கு இன்னும் நல்ல தீனி. காலைத் தூக்க விடாததை அடம் என்று நினைக்காதீர்கள். போன தடவை அந்த இடத்தில் நெருப்புப் பட்டதை அவள் மறக்கவில்லை. இப்படி நொந்த குதிரை காலைப் பிடிக்கும் ஆளை உதைக்கும். இந்த மருந்து மாட்டைவிடக் குதிரையில் ஆளுக்கு ஆபத்தாவது இந்த வழியாலும்தான்.

குதிக்கு மேலே தோல் வெளிறி வெடித்ததும் அதே எரிவுதான். குளம்பின் கொம்புப் பகுதி தாங்குவதைக் குதித்தோல் தாங்காது. அந்த இடத்தை இன்றைக்கு நிறையத் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவி, ஒத்தி எடுத்து, திறந்த காற்றில் விடுங்கள். தேய்க்க வேண்டாம், பொருக்கை உரிக்க வேண்டாம். மருந்து எதைப் பூசுவது என்பதை மிருக வைத்தியர் நேரில் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பற்றரி அசிட்டைப் பற்றி எழுதவே மனம் கூசுகிறது. அது கந்தக அமிலம். அரசுக் கால்நடை வைத்திய அலுவலகங்களுக்கு வரும் மாடு, ஆடுகளில் அசிட் விட்டு எரித்த கால்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைக் கொண்டு எந்தப் பிராணியின் எந்தப் புண்ணும் மாறாது. தெறித்தால் உங்கள் கண்ணும் போகும்.

ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள் என்பதால் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். உடுப்பு வெளுக்கும் திரவம், கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் இரண்டும் ஒரே குடும்பம். சாணமும் சேறும் இருக்கும் இடத்தில் குளோரின் தன் வலுவைச் சாணத்திலேயே செலவழித்துவிடும், ஆழத்துக்கு எட்டாது. எட்டுகிற இடத்தில் நல்ல சதையைக் கரைக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து கொட்டிலின் காற்றில் இருக்கிறது. குதிரை மூத்திரம் ஊறிய தரையில் அமோனியா நிற்கும். அதன் மேல் குளோரினை ஊற்றினால் நெஞ்சை அடைக்கிற வாயு கிளம்பும். அசிட் ஏதும் அதோடு சேர்ந்தால் நேரே குளோரின் வாயுதான். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரித்த காலத்தில் அங்கே வேலை செய்த பெரியவர்கள் உங்கள் பக்கமும் இருப்பார்கள். அந்த வாயு என்னவென்று அவர்களைக் கேளுங்கள்.

கொண்டிஸையும் (பொட்டாசியம் பெர்மாங்கனேற்று) ஃபோமலினையும் ஒன்றாகக் கலக்கும் வழக்கம் கோழி வளர்ப்பவர்களிடம் உண்டு, வெறுங்கூட்டைப் புகை போட்டுக் கிருமி நீக்குவதற்கு. கலந்தவுடன் பொங்கிச் சூடாகி, ஃபோமல்டிகைட்டை மொத்தமாக ஆவியாக்கிவிடும். கோழி இல்லாத, ஆள் இல்லாத, கதவு மூடிய கூட்டுக்கான முறை அது. ஒன்றுக்கு இரண்டு மருந்தாக இருக்கட்டும் என்று நினைத்துக் குதிரை நிற்கிற கொட்டிலில் யாரும் இதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

மயில்துத்தம், அதாவது நீலநிறக் கல், பழைய மருந்து. மிருக வைத்தியர் அளந்து, களிம்பில் சேர்த்து, மேலோட்டமான அழுகலுக்குத் தருவது உண்டு. தூளாக அள்ளி வெடிப்புக்குள் திணிப்பது வேறு விஷயம், அது உயிர்ச்சதையை அரிக்கும். செம்மறி ஆடு வளர்க்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம், செம்பு அதற்குச் சீக்கிரம் நஞ்சாகும். கழுவின தண்ணீர் வாய்க்காலால் குளத்துக்குப் போனால் மீனும் சாகும். கழிவு ஒயிலும் மண்ணெண்ணெயும் தோலைக் கொப்பளிக்க வைக்கும். ஒயில் ஈரத்தை உள்ளே பூட்டிக் காற்றையும் தடுக்கும், அதாவது நோய்க்கு வேண்டியதை நாமே செய்து கொடுப்போம். வேப்பெண்ணெயும் மஞ்சளும் இந்த வரிசையில் சேராது, ஆனால் ஈர வெடிப்புக்குள் எண்ணெயோ மஞ்சள் குழையலோ அடைத்தால் அதுவும் காற்றை அடைக்கும். வேண்டாம்.

அப்படியென்றால் என்ன செய்வது?

முதலில் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். எரிந்த காலை யாராவது நேரில் பார்க்கத்தான் வேண்டும். வன்னியில் குதிரை பார்த்துப் பழகிய மிருக வைத்தியர் குறைவு என்பது தெரியும். அவர்கள் தேவையென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையோடு பேசிக் கேட்பார்கள். அழைக்கும்போது என்ன மருந்து, எவ்வளவு கலப்பு, எத்தனை தடவை, கடைசியாக எப்போது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழும் என்று பயந்து ஃபோமலினைச் சொல்லாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். அது தெரியாமல் இன்னொரு மருந்தைத் தந்தால் நோவது குதிரைக்குத்தான்.

ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஏற்புக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. வளர்ப்பு மிருகங்களில் அதற்கு மிக எளிதில் அகப்படுவது குதிரை. குளம்பில் திறந்த புண், சேற்று நிலம் இரண்டும் சேர்ந்திருக்கிற நேரம் இது. வாங்கிய இடத்தில் போட்ட பதிவு இல்லையென்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் மகனுக்கும் கூட அந்த ஊசி காலம் கடந்துவிட்டதா என்று பாருங்கள்.

வைத்தியர் வரும்வரையும், வந்துபோன பின்னும், இந்த நோயை மாற்றுவது நாளாந்தச் சுத்தம்தான். ஒரு பெரிய ஆள் கயிற்றைப் பிடித்துக் குதிரையின் தலைப்பக்கம் நிற்கட்டும். நீங்கள் பின்னால் போகாமல், விலாவோடு ஒட்டி, வாலைப் பார்த்தபடி நின்று, கையை முதுகிலிருந்து தொடை வழியே தடவிக்கொண்டே கீழே இறக்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் இறக்கி விட்டாலே போதும். தொட்டால் நோகாது என்பதை அவள் மறுபடி நம்ப வேண்டும். அதற்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள்.

பிறகு குளம்பு சுரண்டும் கொக்கியால் குதியிலிருந்து முன்நுனி நோக்கி, பக்கப் பள்ளங்களில் அடைந்ததை எடுங்கள். கொக்கியின் கூரை நடுவெடிப்புக்குள் விட்டுக் கிண்ட வேண்டாம். ரோச் அடித்துப் பாருங்கள், கல்லோ ஆணியோ முட்கம்பித் துண்டோ இருக்கிறதா என்று. நம்முடைய காணிகளில் மழை கழுவக் கழுவ இன்னும் பழைய இரும்பு மேலே வந்துகொண்டிருக்கிறது. ஆணி ஏறியிருந்தால் இழுத்து எடுக்காதீர்கள். அது எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை வைத்தியர் பார்க்க வேண்டும். குளம்பை நிலத்தில் ஊன்ற விடாமல் அடியில் தடிப்பாகத் துணி சுற்றிவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

கழுவுவதற்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பு போதும். ஊசியில்லாத பெரிய சிறிஞ்சால் வெடிப்புக்குள் மெதுவாக விட்டு, உள்ளே இருக்கும் கறுப்பு வெளியே வரும்வரை அலசுங்கள். அடுத்தது உலர்த்துவது. பழைய துவாயை விரலில் சுற்றி ஒவ்வொரு பள்ளத்தையும் ஒத்தி எடுங்கள். நேரமில்லை என்று எல்லோரும் தவறவிடுவது இதைத்தான், ஆனால் முக்கியமானதும் இதுதான். கடைசியாக, பாமசியில் கிடைக்கும் 10 வீத பொவிடோன் அயடீனைக் கொதித்தாறிய நீரில் பிளேன்ரீ நிறத்துக்குக் கலந்து, பஞ்சில் நனைத்துப் பிழிந்து, வெடிப்பில் இலேசாக வையுங்கள். இறுக்கித் திணிக்கக் கூடாது. அடுத்த நாள் அந்தப் பஞ்சு மறக்காமல் வெளியே வர வேண்டும். பொவிடோன் பட்டும் துடிக்கிறாள் என்றால் உப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு வைத்தியருக்குச் சொல்லுங்கள். இந்த வேலைக்குக் கையுறை போடுங்கள், சேற்றில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், கிணற்றடியில் வைத்துக் கழுவாதீர்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு அவளை மறுபடி சேற்றில் விட்டால் எல்லாம் வீண். உங்கள் கடிதத்தில் கொட்டிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, நோய் அங்கேதான் தொடங்கியிருக்கும். பின்கால் இரண்டும் மட்டும் நாறுகிறது என்றால் சாணமும் மூத்திரமும் தேங்குகிற இடத்தில் பின்கால்கள் நிற்கின்றன என்று அர்த்தம். காலபோக மழையில் நம் நிலம் மூன்று மாதம் ஊறிக் கிடக்கும். நெடுந்தீவுக் குதிரைகள் யாரும் குளம்பு பார்க்காமலே வாழ்கின்றனவே என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவை கல்லும் சுண்ணாம்புப் பாறையுமான வரண்ட தரையில் நாள் முழுக்க அலைகிற குதிரைகள். நடையிலேயே குளம்பு தேயும், துப்புரவாகும். கட்டி வைத்த குதிரைக்கு அந்த வசதியை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

கொட்டில் தரையை ஓரடிக்குக் குறையாமல் கிரவல் போட்டு உயர்த்துங்கள். ஒரு பக்கம் சரிவு விட்டு, சுற்றிவர வாய்க்கால் வெட்டுங்கள். அதன் மேல் ஆற்றுமணல், அதன் மேல் ஆலையில் வாங்கிய உமி. நனைந்த உமியைக் காலையும் மாலையும் அள்ளிக் கொட்டிப் புதிது போட வேண்டும். புல்லையும் தவிட்டையும் நிலத்தில் போடாதீர்கள். மணலும் உமியும் சேர்ந்து வயிற்றுக்குள் போனால் வயிற்றுக்குத்து வரும், குதிரைக்கு அது உயிர் போகிற வருத்தம். உயரமான தொட்டியில் போடுங்கள். கூரையிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் அவள் நிற்கிறாளா என்று ஒரு மழை நேரம் போய் நின்று பாருங்கள்.

குளம்பு வெட்டுவதும் முக்கியம். வளர்ந்து மடிந்த குளம்பின் பள்ளங்கள் ஒடுங்கி, எப்போதும் அடைந்தே இருக்கும். 6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை வெட்டிச் சீராக்க வேண்டும். வண்டில் மாட்டுக்கு லாடம் அடித்துப் பழகியவர் உங்கள் பக்கம் இருந்தாலும் இதை அவரிடம் கொடுக்க வேண்டாம். மாட்டின் பிளவுக் குளம்பு வேறு, இது வேறு. நுவரெலியாவில் வாங்கிய இடத்தில் கேட்டால் குதிரைக் குளம்பு வெட்டுபவரைக் காட்டுவார்கள். இரண்டு மூன்று குதிரைக்காரர் சேர்ந்து அழைத்தால் செலவும் குறையும். அழுகியதை எல்லாம் வெட்டி எறிந்துவிடலாம் என்று நீங்களாகக் கத்தி வைக்க வேண்டாம்.

இனி, காத்திராமல் வைத்தியரை அழைக்க வேண்டிய அடையாளங்கள். திடீரென்று ஒரு காலை ஊன்றவே மாட்டாள் என்றால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம், அல்லது ஏதோ குத்தியிருக்கலாம். முன்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, நடக்க மறுத்து, குளம்பு சுட்டால் அது குளம்புக்குள் வரும் வேறொரு வீக்கம். களஞ்சியத்தில் புகுந்து நெல்லோ அரிசியோ அளவுக்கு மிஞ்சித் தின்ற குதிரைக்கு அது வரும், மணிக்கணக்கில் முற்றும். மெத்தையில் சதை பொங்கி வளர்ந்து, தொட்டவுடன் இரத்தம் வந்தால் அது சாதாரண அழுகல் இல்லை. கால் மேல்நோக்கி வீங்கினாலும், உடற்சூடு 38.5 பாகைக்கு மேலே போனாலும் அப்படித்தான். இதில் எதற்கும் போத்தல் மருந்து தேடாதீர்கள்.

அந்த மிச்ச ஃபோமலினைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். நம் கிணறுகள் ஆழமில்லாதவை, ஊற்றியது திரும்ப நம் குடத்துக்கே வரலாம். மூடியபடி வைத்திருந்து, கால்நடை அலுவலகத்துக்குப் போகும்போது எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

பொங்கலுக்கு முதல் மாறுமா என்றால், மேலோட்டமான அழுகல் மட்டும் என்றால் நாள்தோறும் சுத்தமும் காய்ந்த தரையும் கிடைத்து இரண்டு கிழமைக்குள் நாற்றம் போய்விடும். உங்கள் குதிரைக்கு எரிவும் சேர்ந்திருக்கிறது, அதனால் மாதக் கணக்கில் எண்ணுங்கள். குளம்புச் சுவர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றரும் வளராது, மேலிருந்து நுனிவரை புதிதாக வர ஒரு வருடம் மட்டில் எடுக்கும். மெத்தை அதைவிடச் சீக்கிரம் புதுப்பிக்கும். அவசரப்பட்டு இன்னொரு மருந்துக்குத் தாவாமல் இருந்தால் அது தானாக வரும்.

பிள்ளைகளை இப்போது ஏற்றாதீர்கள். நோகும் காலோடு சுமை தூக்கும் குதிரை தடுக்கி விழும், மிரண்டால் ஓடும். ஆனால் கட்டியே வைக்கவும் வேண்டாம். வைத்தியர் நடத்தலாம் என்று சொன்ன பிறகு, மழை விட்ட நேரம் காய்ந்த கிரவல் பாதையில் கயிற்றைப் பிடித்துக் காலையும் மாலையும் மெதுவாக நடத்துங்கள். ஒவ்வொரு அடியிலும் மெத்தை அமுங்கி எழும்போது குளம்புக்குள் இரத்தம் நன்றாக ஓடும், ஆறுவதற்கு அது வேண்டும். நடுப்பள்ளத்தை விரலால் அழுத்தும்போது காலை இழுக்காமல் நிற்கிறாளா, பள்ளம் வெடிப்பாக இல்லாமல் அகன்று ஆழம் குறைந்திருக்கிறதா, கிரவலில் நாலு காலையும் ஒரே மாதிரி ஊன்றுகிறாளா என்று பாருங்கள். மூன்றும் சரியாகி ஒரு கிழமை போன பிறகு முதலில் இலேசான ஒரு பிள்ளையை ஏற்றி, நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வளவுக்குள் மட்டும் நடத்துங்கள்.